மிஸ்ஸியிடம் கேளுங்கள்: காய்ச்சல் விட்டுவிட்டதே, இனி என்ன பயம்?

இந்த மாதம் வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் சமையலறை மேசையில் பரப்பி வைத்துப் படித்தேன். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: இதற்கு கிளினிக் போக வேண்டுமா, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா? நான் டாக்டர் அல்ல, 31 வருடம் அரசாங்க மருத்துவமனையில் மிஸ்ஸியாக (நர்ஸாக) இருந்தவள். அதனால் யாருடைய நோய்க்கும் இங்கே பெயர் வைக்க மாட்டேன். ஆனால் யார் சரியான நேரத்தில் வந்தார்கள், யார் இரண்டு நாள் தள்ளி வந்தார்கள் என்பதை வார்டில் நின்று பார்த்தவள் என்கிற முறையில் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. திங்கட்கிழமை இரவு காய்ச்சல் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து டிங்கி (டெங்கு) இல்லை என்றார்கள். வெள்ளிக்கிழமை காலை காய்ச்சல் விட்டு உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது. ஆனால் எழுந்திருக்கவே இல்லை, வயிறு வலிக்கிறது என்கிறான், இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டான். பப்பாளி இலைச் சாறு கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மறுபடியும் கிளினிக் போக வேண்டுமா மிஸ்ஸி அக்கா? (வாசகி, செந்தூல்)

இந்தச் செய்தியைப் பார்த்ததுமே உங்களுக்குப் போன் செய்துவிட்டேன். பத்திரிகையில் பதில் வரும்வரை காத்திருக்கிற விஷயமா இது? அன்று மதியமே பையனை எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனீர்கள், டிங்கிதான் என்று வார்டில் சேர்த்தார்கள், இப்போது வீட்டில் சோறு சாப்பிடுகிறான். நீங்கள் சரி என்று சொன்னதால், மற்ற அம்மாக்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

காய்ச்சல் விட்டால் நோய் போய்விட்டது என்று நம் பாட்டிமார் காலத்திலிருந்து நம்புகிறோம். சளிக்காய்ச்சலுக்கு அது பெரும்பாலும் சரி. டிங்கிக்கு நேர் எதிர். காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், உடம்புச் சூடு இறங்குகிற அந்த நேரத்தில்தான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்க ஆரம்பிக்கிறது. வெளியே பார்த்தால் பிள்ளை குளிர்ந்து அமைதியாகப் படுத்திருக்கிற மாதிரி இருக்கும், உள்ளே இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும். இந்த ஆபத்தான கட்டம் ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை நீடிக்கும். அதைத் தாண்டிவிட்டால் பிள்ளை தானாகவே பசிக்கிறது என்பான்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. 2015-ல் என் அண்ணன் மகனுக்கு நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. அண்ணி போன் செய்து கேட்டபோது, இரவு வேலை முடித்து வந்த களைப்பில் நான்தான், "சரி அண்ணி, விட்டுவிட்டது இல்லையா, தூங்கட்டும்" என்றேன். மிஸ்ஸி சொன்னதால் அவர்கள் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். சாயங்காலம் அவனுக்குக் கையும் காலும் சில்லிட்டுப்போய், கூப்பிட்டால் பதில் இல்லை. மூன்று நாள் ஐ.சி.யூ.வில் இருந்து பிழைத்தான். அந்த ஆண்டு மலேசியாவில் 120,000 பேருக்கு மேல் டிங்கி வந்தது, 336 பேர் இறந்தார்கள். 2023-லும் ஏறக்குறைய அதே அளவு பேருக்கு வந்தது, 100 பேர் இறந்தார்கள். இவர்களில் எத்தனை வீடுகளில் "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே" என்று யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அடுத்தது அந்த இரத்தப் பரிசோதனை. முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ டிங்கி இல்லை என்று வந்தால் அது அன்றைய பதில், அவ்வளவுதான். ஏற்கெனவே ஒரு முறை டிங்கி வந்தவர்களுக்கு அந்தப் பரிசோதனை தவற விடுவது இன்னும் அதிகம். காய்ச்சல் மூன்றாம் நாளும் நிற்கவில்லை என்றால் திரும்பப் போய் முழு இரத்தப் பரிசோதனை எடுங்கள். பிளேட்லெட் (இரத்தத்தை உறையவைக்கிற அணுக்கள்) இறங்குகிறதா என்று மட்டும் பார்க்காமல், இரத்தம் கெட்டியாகிக்கொண்டு வருகிறதா என்றும் டாக்டர் பார்ப்பார். பிளேட்லெட் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர்கள் எல்லாம் பதறுகிறார்கள், ஆனால் டிங்கியில் பெரும்பாலும் ஆளைச் சாய்ப்பது இந்த நீர்க்கசிவுதான்.

வீட்டில் வைத்துப் பார்க்கிற நாட்களில் காலண்டரிலேயே எழுதுங்கள், காய்ச்சல் தொடங்கியது எந்த நாள் எந்த நேரம் என்று. டாக்டர் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். "நாலஞ்சு நாளா இருக்கு டாக்டர்" என்கிற பதில் டிங்கியில் ஒன்றுக்கும் உதவாது, ஏனென்றால் நாலாம் நாள் வேறு, ஐந்தாம் நாள் வேறு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சிறுநீர் போகிறானா என்று கேளுங்கள், வளர்ந்த பையன் என்று கூச்சப்படாதீர்கள். வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருக்காமல் கஞ்சித் தண்ணீர், பார்லி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். காய்ச்சலுக்கு பனடோல் (பாராசிட்டமால்) மட்டும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது, சளிக்காய்ச்சல் மாத்திரைகளிலும் அதே மருந்து கலந்திருக்கும், அதையும் சேர்த்து எண்ண வேண்டும். உடம்பு வலி தாங்கவில்லை என்று அலமாரியில் கிடக்கிற பொன்ஸ்டன், வோல்டரன், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் எதையும் தொடாதீர்கள், டிங்கியில் இவை இரத்தக் கசிவை உண்டாக்கும்.

வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கருப்பாக மலம், எழுந்தால் தலைசுற்றல், காரணமில்லாமல் அலைக்கழிவது அல்லது அளவுக்கு மீறிச் சோர்வது: இதில் ஒன்று இருந்தாலும் கிளினிக் கூட வேண்டாம், நேரே எமர்ஜென்சிதான். உங்கள் மகனிடம் மூன்று இருந்தன.

பப்பாளி இலைச் சாறு பற்றிச் சண்டை போட மாட்டேன். வாந்தி இல்லாத பிள்ளைக்குக் கொடுத்தீர்கள் என்றால் கொடுத்தீர்கள், அவ்வளவுதான். சாறு இறங்கிவிட்டது என்கிற தைரியத்தில் ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குப் பயம்.

கேள்வி: வயது 52, லோரி ஓட்டுகிறேன், பத்து வருடமாக இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறது. கொஞ்ச நாளாக ஃபிளாட் படி ஏறும்போது நெஞ்சில் கேஸ் அடைக்கிறது. மூன்றாம் மாடியில் நின்று ஈனோ குடித்தால், பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. போன வாரம் மட்டும் நான்கு தடவை. கிளினிக் போனால் அடைத்த இருதயக் குழாயைத் திறக்க பலூன் வைக்க வேண்டும் என்று பயமுறுத்துவார்கள் என்று வீட்டில் சொல்லவில்லை. சாப்பாட்டைக் குறைத்தால் போதுமா மிஸ்ஸி? (வாசகர், பிறை)

தம்பி, ஈனோ குடித்ததால் வலி நின்றதா, படி ஏறுவதை நிறுத்தியதால் நின்றதா? ஒரு முறை யோசித்துப் பாருங்கள். கேஸ் என்றால் சாப்பிட்ட பிறகு வரும், படுத்தால் வரும், ஏப்பம் விட்டால் குறையும். படி ஏறும்போது வந்து, நின்றால் போகிற அடைப்பு, அதுவும் பத்து வருட இனிப்புநீர்க்காரருக்கு, இருதயத்திலிருந்து வருகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். போன வாரம் நான்கு தடவை என்பது எனக்கு இன்னும் கவலையாக இருக்கிறது. அடிக்கடி வர ஆரம்பித்த நெஞ்சு வலியை அடுத்த வாரம் லீவு கிடைத்தால் பார்க்கலாம் என்று வைத்திருக்க முடியாது. இதைப் படிக்கிற அன்றே போங்கள்.

போகும்போது வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், தயவுசெய்து. நெஞ்சு வலியை மனைவியிடம் மறைத்தவர்களின் மனைவிமாரை நான் எமர்ஜென்சி வாசலில் நிறையப் பார்த்திருக்கிறேன். "ஒரு வார்த்தை சொல்லலியே மிஸ்ஸி" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், அதற்கு என்னிடம் பதில் இருந்ததே இல்லை.

டாக்டரிடம் "கேஸ்" என்ற வார்த்தையைச் சொல்லாதீர்கள். எத்தனை படி ஏறினால் வருகிறது, எத்தனை நிமிடம் இருக்கிறது, கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ போகிறதா, வியர்க்கிறதா, அதை மட்டும் அப்படியே சொல்லுங்கள். நாமே நோய்க்குப் பெயர் வைத்துக்கொண்டு போனால் பேச்சு அந்தப் பெயரின் பின்னாலேயே போய்விடும். ஈ.சி.ஜி. எடுத்து நன்றாக இருக்கிறது என்றால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஈ.சி.ஜி. அடைப்பு இருப்பவருக்கும் சரியாகவே வரலாம். நடக்க வைத்துப் பார்க்கிற பரிசோதனை வேண்டுமா, இருதய நிபுணருக்குக் கடிதம் தருவீர்களா என்று கேளுங்கள், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

ஓய்வில் இருக்கும்போதே வலி வந்தாலோ, உட்கார்ந்தும் பத்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றாலோ, வியர்த்து வாந்தி வருகிற மாதிரி இருந்தாலோ உடனே 999-க்குப் போன் செய்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். லோரியை நீங்களே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது, மோட்டார் சைக்கிளும் கூடாது. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு நரம்பு மரத்துப்போயிருப்பதால் மாரடைப்பு பெரிய வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாக, வியர்வையாக, காரணமில்லாத களைப்பாகக்கூட வரலாம். நம் சமூகத்துக்கு இது மிக முக்கியம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது, நாடு முழுவதற்குமான கணக்கு 18.3. மூன்று பேர் உட்கார்ந்து தேத்தாரே குடித்தால் ஏறக்குறைய ஒருவர்.

பலூன் பயத்தைப் பற்றி. பரிசோதனைக்குப் போன எல்லாருக்கும் பலூன் வைப்பதில்லை, பலருக்கு மாத்திரையும் நடையும் உணவு மாற்றமும்தான். வைக்க வேண்டி வந்தாலும், நேரம் பார்த்து நடந்துபோய் வைத்துக்கொள்வது ஒன்று, நடு ராத்திரி ஆம்புலன்ஸில் போய் வைப்பது வேறு. இரண்டையும் பார்த்தவள் நான். நடந்து வந்தவர்கள்தான் பெரும்பாலும் மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

கேள்வி: மூன்று வயது மகளுக்கு மாதம் ஒரு முறை சளி, இருமல். நர்சரியிலிருந்து வாங்கி வருகிறாள். மூக்குச்சளி பச்சையாக மாறிவிட்டது. புது டாக்டர் ஆண்டிபயாட்டிக் தர மறுக்கிறார். போன தடவை மிச்சமானது ஃபிரிட்ஜில் இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா? (வாசகி, கெப்போங்)

கொடுக்காதீர்கள், சிங்க்கில் ஊற்றாமல் ஃபார்மசியில் கொடுத்துவிடுங்கள். கரைத்த ஆண்டிபயாட்டிக் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் வீரியம் நிற்காது, போன மாதத்து மருந்து இப்போது மருந்தே இல்லை. சளி பச்சையாவது கிருமிகளோடு உடம்பு சண்டை போடுவதால், அது சாதாரண வைரஸ் சளியிலும் நடக்கும். வைரஸுக்கு ஆண்டிபயாட்டிக் வேலை செய்யாது. நர்சரி போகிற பிள்ளைக்கு மாதம் ஒரு சளி என்பது தாய்க்குத்தான் அலைச்சல், பிள்ளைக்கு அது சகஜம். மறுத்த டாக்டரை மாற்றாதீர்கள் தங்கச்சி, கேட்டதும் எழுதித் தருகிறவரைவிட இவர் உங்கள் பிள்ளையைப் பற்றி யோசிக்கிறார்.

வீட்டில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. வெதுவெதுப்பான ரசம், மூக்கில் உப்புநீர்ச் சொட்டு, தூங்கும் முன் ஒரு சின்னக் கரண்டி தேன் (ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது). கோடாலித் தைலத்தைக் குழந்தை மூக்கின் கீழே தடவாதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அது மூச்சை அடைக்கும்.

அப்புறம், பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, போன் கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். உங்கள் மகள் வயதில் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் உடனே காட்ட வேண்டும். ஒரு வயதாகாத குழந்தைக்கு 50, இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிந்தாலும், குடிக்க மறுத்தாலும், எழுப்பினால் எழுந்திருக்கச் சிரமப்பட்டாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே அப்படித்தான், வேறு ஒன்றும் பார்க்கத் தேவையில்லை.

கேள்வி: பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரே நாளில் எனக்கே சரியாகிவிடும், ஆனால் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) வேண்டுமே என்று கிளினிக் போகிறேன். டாக்டர் நேரத்தை வீணடிக்கிறேனா? (வாசகர், 26)

இல்லை தம்பி. கழிவறைக்கு ஓடுகிற ஆள் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்க முடியாது, அதற்குத்தான் எம்.சி. டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள், இல்லாத வலியைச் சேர்க்காதீர்கள், அதற்கும் மருந்து கொடுத்துவிடுவார். போக்கை நிறுத்துகிற மாத்திரையை இரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது போடக் கூடாது. ஃபார்மசியில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்கும், இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி அளந்து. இரத்தம் போனாலோ, அரை நாள் சிறுநீரே வரவில்லை என்றாலோ, மூன்று நாளாகியும் நிற்கவில்லை என்றாலோ எம்.சி. இல்லாமல்கூடப் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, இனிப்புநீர். கால் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண், மூன்று வாரமாக மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடுகிறார். வலிக்கவே இல்லை, எதற்கு ஆஸ்பத்திரி, போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்கிறார். கட்டாயப்படுத்தவும் மனம் வரவில்லை. (வாசகி, ஜெலுத்தோங்)

வலிக்கவே இல்லை என்கிறாரே, எனக்குப் பயமே அதுதான் மா. அந்தப் புண் வலிக்க வேண்டும். வலிக்கவில்லை என்றால் காலில் நரம்பு செத்துப்போயிருக்கிறது என்று பொருள். உணர்ச்சி இல்லாததால்தான் புண்ணின் மேலேயே அழுத்தி நடக்கிறார், நடக்க நடக்க அது உள்ளே போகிறது, மேலே மஞ்சள் பூசியிருப்பதால் நிறம் மாறியது யாருக்கும் தெரிவதில்லை. சமையலில் மஞ்சள் எனக்கும் வேண்டும், ஆனால் திறந்த புண்ணில் வேண்டாம். சுடுதண்ணீரில் காலை ஊறவைக்கிற வழக்கம் இருந்தால் அதையும் இன்றே நிறுத்துங்கள், சூடு தெரியாமல் வெந்துபோன கால்களை நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

காலை எடுத்துவிடுவார்கள் என்கிற பயம் வெறும் பயம் இல்லை, அவர் யாரையோ பார்த்திருப்பார், பக்கத்து வீட்டிலோ கோயிலிலோ. அதனால் "அப்படியெல்லாம் இல்லை" என்று மழுப்பாதீர்கள், நம்ப மாட்டார். அந்த ஆளுக்கு எத்தனை மாதம் கழித்துக் காட்டினார்கள் என்று கேளுங்கள். கால் போனவர்களில் நான் பார்த்த பெரும்பாலானோர் சின்னப் புண்ணோடு வீட்டில் இருந்தவர்கள், கறுத்து நாற்றம் எடுத்த பிறகு வந்தவர்கள்.

கட்டாயப்படுத்த மனம் வரவில்லை என்கிறீர்கள். என் அம்மாவும் இப்படித்தான் இருந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று சொன்னால் வரமாட்டார், "கட்டு மாற்றிவிட்டு வருவோம்" என்றால் வருவார். அது பொய்யும் இல்லை. அரசாங்க கிளினிக்கில் உண்மையிலேயே கட்டுப் போடுவார்கள், புண்ணின் ஆழத்தைப் பார்ப்பார்கள், இரத்தத்தில் சர்க்கரை பார்ப்பார்கள், தேவை என்றால் மேலே அனுப்புவார்கள். பெரிய வார்த்தை எதையும் வீட்டில் சொல்லாமல் முதலில் அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிடுங்கள். ஆனால் கால் சிவந்து வீங்கியிருந்தாலோ, புண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, இந்த நயமெல்லாம் பார்க்க நேரம் இல்லை, அழுதாலும் தூக்கிக் காரில் வைத்து எமர்ஜென்சிக்குப் போங்கள், அழுகை ஒரு வாரத்தில் மறந்துபோகும்.

இன்று இரவு அவர் கால் கழுவும்போது நீங்களே கழுவிவிடுங்கள். மஞ்சள் எல்லாம் போன பிறகு வெளிச்சத்தில் பார்த்து, பக்கத்தில் ஒரு ஐம்பது காசு நாணயத்தை வைத்துப் போட்டோ எடுங்கள், புண்ணின் அளவு தெரியும். விரலிடுக்குகளையும் மறு காலையும் பாருங்கள். நாளைக் காலை போகும்போது அந்தப் போட்டோவும், அவர் சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாமும், தினமும் போடுகிற செருப்பும் கையில் இருக்கட்டும். புண் வந்தது அந்தச் செருப்பினால்தானா என்று அங்கே பார்க்கச் சொல்லுங்கள்.